டிக்கெட் மூடியாச்சு... வேலை முடிஞ்சுதா?

ஸ்பிரின்ட், ஸ்டாண்ட்-அப், ஸ்டோரி பாயின்ட் என்று ஓடும் மென்பொருள் உலகில், செய்யும் வேலைக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது?

2015 அக்டோபர். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற சிற்றூரின் அஞ்சலகம். அதை நடத்திவந்த பெண்மணி, பக்கத்துக் கிராமத்துத் துணைக் கிளைக்கான 8,000 பவுண்ட் ரொக்கத்தைக் கணக்கில் ஏற்றுகிறார். பணப்பையின் பார்கோடை ஸ்கேன் செய்ததும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. என்டர் விசையை அழுத்துகிறார்; அசைவில்லை. மறுபடியும் மறுபடியும் அழுத்துகிறார். கடைசியில் ஒரே பணம் நான்கு முறை பதிவாகிவிட்டது. 8,000 பவுண்ட் கணக்கில் 32,000 ஆனது. கைக்கே வராத 24,000 பவுண்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய நிலை.

பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் ஓடிய 'ஹொரைசன்' மென்பொருளின் பிழை அது. தோண்டிப் பார்த்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் இதே கோளாறு 112 முறை தலைகாட்டியிருந்தது தெரியவந்தது. அவற்றில் 108 முறை, அந்தந்தக் கிளையின் கணக்கு மட்டும் அவ்வப்போது திருத்தப்பட்டிருந்தது. கணக்குகள் நேராயின, பிழை இருந்த இடத்திலேயே இருந்தது. ஹொரைசனைப் பராமரித்த ஃபுஜிட்சு நிறுவனத்திடம் 'பீக்' என்ற டிக்கெட் பதிவேடும், தெரிந்த பிழைகளின் பட்டியலும் இருந்தன. இன்னொரு பக்கம், இந்த மென்பொருள் காட்டிய கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தபோது, அந்த டிக்கெட் பதிவுகளே முக்கியச் சான்றுகளாக நின்றன. 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

பிழை பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுக்குப் பின்னால் யார் இருக்கிறார், அவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் பதிவேட்டில் எங்கும் இல்லை. மென்பொருள் எழுதுபவர்கள் இன்று தங்கள் வேலையில் அர்த்தம் தேடும்போது முட்டி நிற்பதும் இதே இடத்தில்தான். டிக்கெட் மூடப்படுகிறது, அதனால் யாருக்கு என்ன நடந்தது என்பது மூடியவருக்குத் தெரிவதில்லை.

திரைக்குள் நகரும் அட்டைகள்

மென்பொருள் நிறுவனங்களில் வேலையின் அலகு டிக்கெட். பிழை திருத்துவது, புதிய வசதி சேர்ப்பது, பொத்தானின் நிறத்தை மாற்றுவது என எதுவானாலும், அது ஓர் எண், ஒரு தலைப்பு, பொறுப்பாளர் பெயர், நேர மதிப்பீடு ஆகியவற்றோடு ஓர் அட்டையாக உருவாகிறது. ஜிரா, அஷ்யூர் டெவ்ஆப்ஸ், ட்ரெல்லோ, ஸோஹோ ஸ்பிரின்ட்ஸ் எனக் கருவியின் பெயர் மாறலாம். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 'செய்ய வேண்டியவை', 'நடக்கிறது', 'முடிந்தது' என்ற பத்திகளில் அட்டை இடமிருந்து வலமாக நகர்கிறது. ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்று முடியும் நாளில் வலது ஓரத்தை எட்டிய அட்டைகள் எத்தனை என்று எண்ணப்படுகின்றன. எட்டாதவை அடுத்த ஸ்பிரின்ட்டுக்குப் போகின்றன, அல்லது பேக்லாக் என்ற காத்திருப்புப் பட்டியலுக்குத் திரும்புகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்த உலகம் அந்நியம் அல்ல. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை முழுக்க இந்த அட்டைகள் நகரும் அலுவலகங்களே. கருவிகளே இங்கிருந்தும் உருவாகின்றன. ஸோஹோ நிறுவனம் திட்ட மேலாண்மைக்கும் ஸ்பிரின்ட் பலகைக்கும் தனித்தனி மென்பொருள் விற்கிறது. 2010-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ், வாடிக்கையாளர் புகார்களை டிக்கெட்டாக்கிக் கையாளும் மென்பொருளில் வளர்ந்து, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. டிக்கெட்டை மூடுபவர்களும் டிக்கெட் கருவியை எழுதுபவர்களும் ஒரே சாலையில் வேலைக்குப் போகிறார்கள்.

பலகை வந்த பாதை

வேலையைத் துண்டாக்கி அளக்கும் யோசனை கணினிக்கு முந்தையது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துக்கடிகாரம் வைத்து அளந்து, 1911-ல் 'அறிவியல் மேலாண்மை' என்ற கொள்கையை நூலாக்கினார். எப்படிச் செய்வது என்று யோசிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, சொன்னபடி செய்வது தொழிலாளியின் பொறுப்பு என்ற பிரிவினை அதில் அழுத்தமாக வந்தது. அவரோடு பணிபுரிந்த ஹென்றி கான்ட்டின் பெயரிலேயே திட்டக் கால அட்டவணைகள் இன்றும் வழங்குகின்றன.

அட்டையும் பத்தியும் ஜப்பானிலிருந்து வந்தவை. டொயோட்டாவின் தயீச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் அலமாரி காலியானால் மட்டுமே சரக்கு நிரப்பும் முறையைக் கவனித்து, தொழிற்சாலைக்கு 'கான்பன்' அட்டை முறையை வடிவமைத்தார். அடுத்த கட்டத்தில் இருப்பவருக்குத் தேவைப்படும்போது மட்டும் பாகத்தைச் செய்வது அதன் அடிப்படை. தேவைக்கு மேல் வேலையைக் குவிக்காமல் இருக்கப் பிறந்த முறை அது.

மென்பொருள் உலகில் முதலில் பரவலானவை பிழைப் பதிவேடுகள். நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் வைத்த 1998-ல், மொஸில்லா திட்டத்துக்காக 'பக்ஸில்லா' எழுதப்பட்டது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் பிழையைப் பதியலாம், அது தொலைந்துபோகாது. பதிவேட்டின் நோக்கம் ஞாபகம். யாரையும் எடைபோடுவது அதன் வேலையாக இருக்கவில்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' கொள்கை அறிக்கையை எழுதினார்கள். நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பதே அதன் முதல் விழுமியம். மறு ஆண்டே சிட்னியில் இரண்டு கல்லூரி நண்பர்கள் தொடங்கிய அட்லாசியன் நிறுவனம் ஜிராவை வெளியிட்டது. பிழைப் பதிவேடாகத் தொடங்கிய ஜிரா, போகப்போக அஜைல் என்றாலே நினைவுக்கு வரும் கருவியானது. இன்று அட்லாசியனுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கை நிறுவனங்கள்.

▌பெட்டிச் செய்தி: நிறுத்துக்கடிகாரம் முதல் ஸ்பிரின்ட் வரை

• 1911: டெய்லரின் அறிவியல் மேலாண்மை நூல் வெளியீடு.
• 1975: ஐபிஎம்மின் ஓஎஸ்/360 அனுபவத்தை வைத்து ஃபிரெட் புரூக்ஸ் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மன்த்' வெளியீடு. தாமதமான திட்டத்தில் ஆளைக் கூட்டினால் தாமதம் கூடும் என்ற விதி இதில்தான் வந்தது.
• 1986: ஹிரோடாகா தாக்கேயுச்சி, இகுஜிரோ நொனாகா இருவரும் பொருள் உருவாக்கும் குழுவை ரக்பி அணியோடு ஒப்பிட்டு எழுதிய கட்டுரை. ஸ்பிரின்ட்டுகளாகப் பிரித்து வேலை செய்யும் 'ஸ்க்ரம்' முறையின் பெயருக்கு மூலம்.
• 1995: ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரம் முறையை மாநாட்டில் முன்வைத்தனர்.
• 1998: பக்ஸில்லா.
• 2001: அஜைல் கொள்கை அறிக்கை.
• 2002: ஜிரா.
• 2011: ட்ரெல்லோ. 2017-ல் அட்லாசியன் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது.

மதிப்பீடு மதிப்பெண் ஆன கதை

ஞாபகத்துக்கான கருவி எப்படி அளவுகோலாக மாறியது? ஒரு வேலையின் அளவை மதிப்பிடும் அலகான ஸ்டோரி பாயின்ட்டின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும்.

1990-களின் பின்பாதியில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளுக்காக ஒரு குழு உழைத்தது. எந்த இடையூறும் இல்லாத நாளாக இருந்தால் ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் ஆகும் காலம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 'ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள்?' என்ற கேள்வி நிர்வாகத்திடமிருந்து வரத் தொடங்கியதும், நாள் என்ற பேச்சை விட்டுவிட்டு 'பாயின்ட்' என்று சொல்லத் தொடங்கினார்கள். குழப்பத்தைத் தவிர்க்கக் கண்டுபிடித்த அலகு, பிறகு வேகத்தை அளக்கும் அலகாகிவிட்டது. ஒரு ஸ்பிரின்ட்டில் எத்தனை பாயின்ட் முடிந்தது என்பதற்கு 'வெலாசிட்டி' என்று பெயர். சென்ற ஸ்பிரின்ட்டில் 40, இந்த ஸ்பிரின்ட்டில் 34, ஏன் குறைந்தது என்ற விசாரணை அதன் அடுத்த படி. அந்தக் குழுவில் இருந்தவரும் அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்டவருமான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார்.

ஓர் அளவு இலக்காக மாறினால் அது நல்ல அளவாக இருப்பதில்லை. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து கிளைத்த இந்த விதி, டிக்கெட் பலகைக்கு அச்சாகப் பொருந்துகிறது. வெலாசிட்டி கூட வேண்டுமென்றால் எளிய வழி, 3 பாயின்ட் வேலைக்கு 5 போடுவது. மூடப்படும் டிக்கெட் எண்ணிக்கை கூட வேண்டுமென்றால், ஒன்றை நான்காக உடைப்பது. எண் ஏறும், மென்பொருள் அப்படியே இருக்கும்.

இந்த நோய்க்கு வயது அதிகம். 1982-ல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில், ஒவ்வொரு வாரமும் எழுதிய நிரல் வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டும் என்று மேலாளர்கள் உத்தரவிட்டார்கள். படம் வரையும் மென்பொருளை எழுதிவந்த பில் அட்கின்சன், அந்த வாரம் அதன் முக்கியப் பகுதியை எளிமையாக மாற்றி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. நிரலில் சுமார் 2,000 வரிகள் குறைந்தன. படிவத்தில் அவர் '-2000' என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிர்வாகம் நிறுத்திவிட்டது.

அளவீட்டின் தந்தையர்களே பிறகு மனம் மாறியதும் உண்டு. அளக்க முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது என்ற கருத்தை 1982-ல் மென்பொருள் உலகில் பரப்பியவர் டாம் டிமார்க்கோ. 2009-ல் அவரே, கட்டுப்பாடு அவ்வளவு முக்கியமா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரை எழுதினார். கறாரான கட்டுப்பாடு அவசியப்படும் திட்டங்கள் பெரும்பாலும் சிறு பயன் தரும் திட்டங்களே. உலகை மாற்றும் திட்டத்துக்குச் செலவு கூடினாலும் பாதகமில்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு.

அர்த்தம் எதிலிருந்து வருகிறது?

வேலையின் அர்த்தம் என்பது காற்றில் மிதக்கும் தத்துவம் அல்ல. ஆராய்ச்சிக்கு உட்பட்ட விஷயம். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் ஹாக்மனும் கிரெக் ஓல்தமும் 1970-களில் வகுத்த கோட்பாடு இன்றும் நிர்வாகவியல் வகுப்புகளில் பாடம். ஒரு வேலை அர்த்தமுள்ளதாகப்பட மூன்று தன்மைகள் வேண்டும் என்றார்கள். பலவகைத் திறமைகளைக் கோருவது ஒன்று. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு முழுமையான பொருளாகத் தெரிவது இரண்டு. மற்றவர்களின் வாழ்க்கையில் அதனால் மாற்றம் வருவது மூன்று. இவற்றோடு சுயமாக முடிவெடுக்கும் உரிமையும், விளைவை நேரில் அறியும் வாய்ப்பும் சேர வேண்டும்.

இந்த ஐந்தையும் டிக்கெட் பலகையில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். கல்யாணச் சமையலில் வெங்காயம் உரிப்பவருக்குக்கூட யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியும். பந்தியையும் அவர் பார்க்கிறார். ஒரு வங்கிச் செயலியில் ஒரே ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தைச் சரிபார்க்கும் நிரலை எழுதுபவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. முழுமை உடைகிறது, பயனாளி மறைகிறார். என்ன செய்ய வேண்டும் என்பதை டிக்கெட் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் முடிவெடுக்கும் உரிமையும் சுருங்குகிறது. விளைவாக அவருக்குத் தெரிவது, அட்டை பச்சை நிறமாவது மட்டும்.

அதே சமயம், பலகை தரும் நிறைவும் பொய்யல்ல. ஹார்வர்டின் டெரசா அமபைலும் ஸ்டீவன் கிரேமரும் ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார்கள். ஊழியரின் மனநிலையை உயர்த்துவதில் முதலிடம் பிடித்தது முன்னேற்றம். சிறிய முன்னேற்றமானாலும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: முன்னேறுவது அவருக்கு அர்த்தமுள்ள வேலையில் இருக்க வேண்டும். அட்டையை வலப்பக்கம் நகர்த்தும்போது கிடைக்கும் திருப்தி சிலருக்கு நாள் முழுக்க நிற்பதும், சிலருக்கு அடுத்த அட்டையைத் திறப்பதற்குள் கரைந்துபோவதும் இதனால்தான்.

▌பெட்டிச் செய்தி: நிரல் எழுதுவதில் என்ன சுகம்?

ஃபிரெட் புரூக்ஸ் தன் 1975 நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஐந்து காரணங்களை அடுக்குகிறார்:

• ஒன்றைப் புதிதாக உருவாக்கும் மகிழ்ச்சி.
• உருவாக்கியது பிறருக்குப் பயன்படுவதைக் காணும் நிறைவு.
• சிக்கலான பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்குவதைப் பார்க்கும் வியப்பு.
• ஒவ்வொரு வேலையிலும் புதிதாக ஒன்றைக் கற்பது.
• நினைத்தபடி வளையும் ஓர் ஊடகத்தில் வேலை செய்வது.

டிக்கெட்டின் எந்தக் கட்டத்திலும் இந்த ஐந்துக்கு இடமில்லை.

விளைவு 1: கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

பலகையில் ஏறாத வேலை நடக்காத வேலையாகவே கருதப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, சக ஊழியரின் நிரலைக் கவனமாகப் படித்துப் பிழை காட்டுவது, சிக்கலாகக் கிடக்கும் பழைய நிரலை ஒழுங்குபடுத்துவது, 'இந்த வசதி தேவையே இல்லை' என்று வாதாடி ஒரு மாத வேலையை மிச்சப்படுத்துவது ஆகிய எதற்கும் பாயின்ட் கிடையாது. செய்யாமல் விடும் வேலையைக் கூட்டுவதே எளிமைக் கலை என்று அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று சொல்கிறது. செய்யாமல் விட்ட வேலையைக் காட்டும் பத்தி எந்தப் பலகையிலும் இல்லை.

அப்ரைசல் காலத்தில் இது பணமாக எதிரொலிக்கிறது. மற்றவர்களைத் தூக்கிவிட்டவரின் பெயரில் குறைந்த டிக்கெட். தன் அட்டையை மட்டும் பார்த்தவரின் பெயரில் அதிக டிக்கெட். இரண்டு ஆண்டு இப்படிப் போனால், உதவுகிறவரும் உதவுவதை நிறுத்திவிடுவார்.

விளைவு 2: அறிக்கையான ஸ்டாண்ட்-அப்

ஸ்க்ரம் முறையில் தினமும் 15 நிமிடம் குழு கூடுவது, அன்றைய வேலையைத் தங்களுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளத்தான். நடைமுறையில் அது மேலாளரிடம் ஒப்பிக்கும் நேரமாகிவிட்டது. 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொருவரும் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேரின் கவனம் கைப்பேசிக்குப் போய்விடும். இந்த மூன்று கேள்விகளை 2020-ல் திருத்தப்பட்ட அதிகாரபூர்வ ஸ்க்ரம் வழிகாட்டி நீக்கிவிட்டது. ஸ்டோரி பாயின்ட்டைப் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் பல அலுவலகங்களில் இவைதான் ஸ்க்ரம்.

இடையூறும் ஒரு விலை. நிரல் எழுதுபவருக்கு இடைவிடாத நீண்ட பொழுது தேவை. நாளின் நடுவே வரும் அரை மணி நேரக் கூட்டம், மேலாளருக்கு அட்டவணையில் ஒரு கட்டம். எழுதுபவருக்கு அந்த முற்பகலே போய்விடும். நிலவரத்தைப் பலகையில் பதிந்த பிறகு, அதே நிலவரத்தைக் கூட்டத்திலும், பிறகு மின்னஞ்சலிலும் சொல்ல வேண்டியிருக்கும்போது, வேலையைப் பற்றிப் பேசும் நேரம் வேலை நேரத்தைத் தின்கிறது.

விளைவு 3: டைம்ஷீட்டின் இரட்டை நிழல்

சேவை நிறுவனங்களில் சிக்கல் இன்னொரு மடங்கு. பொறியாளரின் நேரமே அங்கே விற்பனைச் சரக்கு. மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கும் ஒப்பந்தங்களில், எந்த டிக்கெட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பது கிளையன்ட்டுக்கு அனுப்பும் ரசீதின் அடிப்படை. எட்டு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் புத்திசாலித்தனம், அப்படிப்பட்ட கணக்கில் வருமான இழப்பு. அதனால் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரத்தை எப்படியாவது நிரப்பும் பழக்கம் வருகிறது.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. மென்பொருளைப் பயன்படுத்துபவர் நியூ ஜெர்சியிலோ மான்செஸ்டரிலோ இருப்பார். அவருக்கும் சென்னையில் நிரல் எழுதுபவருக்கும் நடுவே கிளையன்ட்டின் மேலாளர், ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், இங்குள்ள டீம் லீட் எனப் பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் 'ஏன்' என்பது கொஞ்சம் உதிர்ந்து, கடைசியில் 'என்ன' மட்டும் டிக்கெட்டாக வந்து சேர்கிறது. கேள்வி கேட்டால் தாமதம்; சொன்னதைச் செய்தால் டெலிவரி. பல ஆண்டுகள் இப்படிப் பழகியவர், தன் பத்தாண்டு அனுபவத்தைச் சொல்லும்போது மென்பொருள்களின் பெயரைச் சொல்வார். அவற்றால் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது.

விளைவு 4: போனவரோடு போகும் அறிவு

டென்மார்க்கைச் சேர்ந்த கணினியியலாளர் பீட்டர் நவுர் 1985-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். மென்பொருள் என்பது எழுதிவைத்த நிரல் மட்டும் அல்ல. அது ஏன் இப்படி இருக்கிறது, எங்கே தொட்டால் எங்கே ஆடும் என்று எழுதியவர்கள் மனத்தில் கட்டிய புரிதலும் சேர்ந்ததே மென்பொருள். அந்தக் குழு கலைந்தால், நிரலும் ஆவணங்களும் அப்படியே இருந்தாலும் மென்பொருள் இறந்துவிடுகிறது என்றார் அவர்.

டிக்கெட்டை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கும் நிர்வாகம் இதற்கு நேர் எதிரான நம்பிக்கையில் இயங்குகிறது. விவரம் அட்டையில் இருக்கிறது, யார் செய்தால் என்ன என்பது அந்த நம்பிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றும் திட்டங்களில், ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு முளைப்பதற்குக் காரணம் இதுதான். எழுதுபவருக்கும் இது இழப்பு. ஒன்றை ஆழமாகப் புரிந்துகொண்டு அதற்குப் பொறுப்பேற்கும் சந்தர்ப்பம் வரும் முன்பே அவர் வேறு இடத்துக்கு நகர்த்தப்படுகிறார்.

பலகை கைகொடுத்த இடம்

குற்றம் முழுவதையும் கருவியின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாளத் தொடங்கிய ஒரு திட்டம் 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்து 2006-ல் தொடங்கிய 'சென்டினல்' திட்டமும் காலம் தவறி, செலவு ஏறி, 2010-ல் நின்றது. பிறகு எஃப்பிஐ அதைத் தன் கையில் எடுத்து, ஆட்களைக் குறைத்து, இரண்டு வார ஸ்பிரின்ட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்டச் சொன்னது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

அங்கேயும் பட்டியல் இருந்தது, ஸ்பிரின்ட் இருந்தது. ஆனால் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு புலனாய்வாளர் செய்ய வேண்டிய காரியத்தோடு கட்டப்பட்டிருந்தது. முடிந்ததா என்பதைத் தீர்மானித்தது, ஓடும் மென்பொருள். பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் குழுவுக்கும், வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும், நேற்றுச் சேர்ந்த புதியவருக்கும் பலகை இல்லாமல் முடியாது. பேசத் தயங்குபவரின் பங்களிப்பும் எழுத்தில் நிற்கிறது. மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பதற்கும் அது தடை.

மாற்று வழிகள்

உலகின் மிகப் பெரிய மென்பொருள் திட்டங்களில் ஒன்றான லினக்ஸ் கெர்னலில் ஸ்பிரின்ட்டும் இல்லை, ஸ்டோரி பாயின்ட்டும் இல்லை. மாற்றங்கள் இன்றும் மின்னஞ்சல் வழியே வருகின்றன. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு மாற்றத்தோடும் அது ஏன் தேவைப்பட்டது என்ற விளக்கம் கட்டாயம். பிழையைச் சொன்னவர், சோதித்தவர், சரிபார்த்தவர் என அனைவரின் பெயரும் அந்தக் குறிப்பிலேயே பதிவாகின்றன. பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் காரணமும் மனிதர்களும் தெரிவார்கள்.

பேஸ்கேம்ப் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'ஷேப் அப்' முறை வேறொரு பாதை. அங்கே நிரந்தர பேக்லாக் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒரு முழுமையான பிரச்சினை சிறு குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதை எப்படித் துண்டாக்குவது என்பது குழுவின் உரிமை. பிறகு இரண்டு வாரம் இடைவெளி. டெய்லர் பிரித்து வைத்த யோசிப்பதும் செய்வதும் இங்கே மறுபடி ஒருவர் கைக்கே வருகின்றன.

அளந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட 'ஆக்சிலரேட்' நூல், தனிநபரை விட்டுவிட்டு மொத்த அமைப்பின் நான்கு அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது: எத்தனை முறை வெளியீடு, மாற்றம் பயனாளியைச் சேர ஆகும் காலம், தோல்வியடையும் மாற்றங்களின் விகிதம், கோளாறிலிருந்து மீளும் நேரம். 2021-ல் ஃபோர்ஸ்கிரன் வேறு ஆய்வாளர்களோடு முன்வைத்த 'ஸ்பேஸ்' வரையறை, எழுதுபவரின் மனநிறைவையும் உற்பத்தித்திறனின் ஓர் அங்கமாகவே சேர்த்துக்கொண்டது.

▌பெட்டிச் செய்தி: ஒரு நல்ல டிக்கெட்டில் இருக்க வேண்டியவை

• யாருக்கு இந்தச் சிக்கல்: 'யூசர்' என்ற பொதுப் பெயர் போதாது. கல்லாவில் நிற்பவரா, செவிலியரா, ஓய்வூதியதாரரா?
• இப்போது அவருக்கு என்ன நடக்கிறது: முடிந்தால் அவர் சொன்ன சொற்களிலேயே.
• ஏன் இப்போது: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
• முடிந்தது என்பதற்கு அடையாளம்: எந்தக் காரியம் அவரால் செய்ய முடிய வேண்டும்?
• எப்படிச் செய்வது: இந்த இடம் காலியாக இருக்கலாம். அதை நிரப்பத்தான் பொறியாளர் இருக்கிறார்.
• மூடிய பிறகு: பயனாளிக்கு உண்மையில் பயன்பட்டதா என்ற ஒரு வரி.

டிக்கெட் எந்திரத்தின் கைக்குப் போகிறது

இந்த விவாதத்துக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2021-ல் முன்னோட்டமாக வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியான கிட்ஹப் கோபைலட், நிரலின் அடுத்த வரியைப் பரிந்துரைத்தது. 2025 மே மாதம் அதே கிட்ஹப் அறிவித்த வசதியில், ஒரு டிக்கெட்டின் பொறுப்பாளர் இடத்தில் மனிதரின் பெயருக்குப் பதில் கோபைலட்டின் பெயரையே போடலாம். எந்திரம் நிரலை எழுதி, சோதித்து, மனிதரின் ஒப்புதலுக்கு அனுப்பும்.

இதன் பொருள் தெளிவானது. விவரம் முழுவதும் அட்டையில் அடங்கும் வேலை, எந்திரத்திடம் போகும். ஆளைப் பற்றிக் கவலைப்படாமல் அட்டையை மட்டும் நகர்த்தும் வேலைமுறையைக் கால் நூற்றாண்டாகச் செதுக்கிய நிறுவனங்கள், அறிந்தோ அறியாமலோ அந்த மாற்றத்துக்குத் தளம் அமைத்துக் கொடுத்திருக்கின்றன. மனிதர் கையில் மிஞ்சுவது அட்டையில் அடங்காத பகுதி: பயனாளியிடம் பேசிச் சிக்கல் எது என்று கண்டறிவது, எதைச் செய்யக் கூடாது என்று தீர்மானிப்பது, எந்திரம் எழுதியதற்குப் பொறுப்பேற்பது, 112 தனித்தனிப் புகார்களுக்குப் பின்னால் ஒரே பிழை இருப்பதைக் கவனிப்பது. இத்தனை நாள் பாயின்ட் கிடைக்காத வேலைகள் இவையே.

யார் என்ன செய்ய வேண்டும்?

நிர்வாகம் செய்ய வேண்டியது, வெலாசிட்டியை வைத்து ஆட்களையோ குழுக்களையோ ஒப்பிடுவதை நிறுத்துவது. அப்ரைசலிலிருந்து டிக்கெட் எண்ணிக்கையை நீக்குவது. டீம் லீட் செய்ய வேண்டியது, மேலிருந்து வரும் 'என்ன'வோடு 'ஏன்' என்பதையும் கேட்டு வாங்கிக் கீழே தருவது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பயனாளியும் பொறியாளரும் நேரடியாகப் பேச வழிசெய்வது. பொறியாளர் செய்ய வேண்டியது, மூடிய டிக்கெட்டின் விளைவைப் பின்தொடர்வது, கேள்வி கேட்பதை வேலையின் பகுதியாகக் கருதுவது.

டிக்கெட் பலகை ஞாபகத்துக்கு நல்ல கருவி. மனிதரை எடைபோட மோசமான தராசு. அடுத்த ஸ்பிரின்ட் திட்டமிடும் கூட்டத்தில் ஒவ்வொரு டிக்கெட்டையும் எடுத்து, 'இது யாருக்கு, எதற்கு?' என்று கேட்டுப் பாருங்கள். அறையில் யாருக்குமே பதில் தெரியவில்லையென்றால், அதற்கு எத்தனை பாயின்ட் என்ற விவாதம் வேண்டாம். விவரம் தெரியும்வரை அந்த டிக்கெட்டைத் தொடாதீர்கள்.